பொதி சுமக்கும் உயிர்களும் நம் பொறுப்பும்

முன்னுரை

கழுதை என்னும் சொல் நம்மிடையே பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. அறிவு குறைந்தவனைக் குறிக்கவும், சொற்கேளாதவனைக் கடிந்துகொள்ளவும் நாம் அச்சொல்லை எடுத்தாளுகிறோம். ஆயினும் பத்துப்பாட்டைப் பயின்றோர் அவ்விலங்கை வேறொரு நிலையில் அறிவர். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மிளகுப் பொதி சுமந்து சுங்கம் கொள்ளும் பெருவழியில் செல்லும் கழுதைச் சாத்து ஒன்றைக் காட்டுகிறார். அக்கழுதைகளின் வலிய முதுகில் சுமை அழுத்தியதால் உண்டான தழும்பு ஆழப் பதிந்திருந்ததையும் அப்புலவர் காணத் தவறவில்லை. வணிகத்தின் வளத்தைப் பாட வந்தவர், அவ்வளத்தைச் சுமந்த உயிரின் வடுவையும் சேர்த்தே பாடினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. புகைவண்டியும் சரக்குந்தும் வானூர்தியும் வந்துவிட்டன. எனினும் அம்முதுகின் தழும்பு மட்டும் மறையவில்லை. இன்றும் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வளரும் நாடுகளில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகிய மூவகை விலங்குகளும் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் சுமையைத் தாங்கி வருகின்றன. அவற்றின் நிலை யாது, அவை படும் துன்பத்திற்குக் காரணம் யாது, அதனைக் களைய மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுமை உயிர்களின் இடம்

உலகில் உழைப்பிற்குப் பயன்படும் இம்மூவகை விலங்குகளின் தொகை ஏறத்தாழ 10 கோடி என மதிப்பிடப்படுகிறது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை வளரும் நாடுகளிலேயே உள்ளன. கழுதைகள் மிகுதியாக உள்ள நாடு எத்தியோப்பியா. அங்கு ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நீர் கொணர்வது, காட்டிலிருந்து விறகு கொணர்வது, தானியத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்வது ஆகிய பணிகளைக் கழுதைகளே செய்கின்றன. சிறு நகரங்களில் குதிரை பூட்டிய வண்டிகள் வாடகை ஊர்திகளாக ஓடுகின்றன.

மொராக்கோவின் பழம்பெரும் நகரான ஃபெஸ் நகரின் உட்பகுதியில் மோட்டார் வண்டிகள் நுழைய இயலாத குறுகிய சந்துகள் நிறைந்துள்ளன. அங்குத் தோல், துணி, மாவு, எரிவாயு உருளை முதலிய யாவும் கோவேறு கழுதைகளின் முதுகிலேயே செல்கின்றன. கென்யாவின் கடற்கரையை ஒட்டிய லாமு தீவு நகரமும் அத்தகையதே. உலகப் பாரம்பரியச் சின்னமாக 2001 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அவ்வூரில் கட்டுமானக் கற்கள் முதல் கடைச் சரக்குகள் வரை கழுதைகளே சுமக்கின்றன. பாகிஸ்தானில் நகரத்துக் காய்கறிச் சந்தைகள் முதல் சிற்றூர்கள் வரை கழுதை வண்டியைக் காணாத இடம் அரிது.

கழுதை ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையிலிருந்து ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதனால் பழக்கப்பட்டது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. வறண்ட நிலத்தில் தோன்றிய உயிராதலின், தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவிற்கு நீரை இழந்தும் அது உயிர் தாங்கி நிற்கும். நீர் கிடைத்ததும் விரைவாகப் பருகி அவ்விழப்பை ஈடுசெய்துகொள்ளும். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரையின் வலிமையும் கழுதையின் பொறுமையும் ஒருங்கே பெற்ற அவ்விலங்கு மலைப்பாதைகளில் தனக்கு நிகரில்லாதது. ஆனால் அதற்கு இனப்பெருக்கம் இல்லை. ஒவ்வொன்றையும் புதிதாகவே பெற வேண்டியிருத்தலின் அதன் விலையும் மிகுதி.

இவ்வாறு தாங்கும் ஆற்றலே இவ்விலங்குகளுக்குப் பகையாகவும் அமைந்துவிட்டது. வலியை வெளிக்காட்டுதல் கழுதையின் இயல்பன்று. காட்டில் வாழும் விலங்கு தன் நலிவைக் காட்டினால் கொடிய விலங்கிற்கு இரையாகும். ஆதலின் நலிவை மறைத்தலே அதன் பிறவிக் குணமாயிற்று. ஆனால் அம்மறைப்பை மனிதன் வலியின்மை எனப் பிழைபடப் பொருள் கொண்டான். கழுதைக்கு எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்னும் எண்ணம் இதனின்று பிறந்ததே.

கெய்ரோ நகரில் ஒரு தொடக்கம்

உழைக்கும் குதிரைகளின் நலன் குறித்த இயக்கங்களின் வரலாற்றில் எகிப்தின் தலைநகரான கெய்ரோவுக்குத் தனியிடம் உண்டு. முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையினரைச் சுமந்து போரிட்ட குதிரைகளுள் ஆயிரக்கணக்கானவை போர் முடிந்ததும் தாய்நாட்டிற்குக் கொண்டு செல்லப்படாமல் எகிப்திலேயே விற்கப்பட்டன. படையில் கொட்டடியும் மருத்துவமும் முறையான தீனியும் பெற்றிருந்த அவை, கல் உடைக்கும் இடங்களிலும் தெரு வண்டிகளிலும் தம் எஞ்சிய நாளைக் கழிக்கலாயின.

1930 ஆம் ஆண்டில் குதிரைப்படைத் தளபதி ஒருவரின் துணைவியாராகக் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் அம்மையார் அக்குதிரைகளைத் தேடிச் சென்றார். எலும்பும் தோலுமாய், பார்வை மங்கி, கால் ஊன்ற இயலாது நின்ற முதிய குதிரைகளை அவர் கண்டார். 1931 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்கு அவர் எழுதிய மடல் பொதுமக்களின் உள்ளத்தைத் தொட்டது. குவிந்த நன்கொடையைக் கொண்டு மூன்றாண்டுகளில் ஐயாயிரம் குதிரைகளை அவர் விலை கொடுத்து வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கும் நிலையைக் கடந்தவை. சில நாள் ஓய்வும் தீனியும் நிழலும் அளித்து, வலியின்றி அவற்றின் முடிவை அமைத்தலே அவருக்கு இயன்ற உதவியாக இருந்தது.

இவ்விடத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அம்மையார் குதிரைகளை அவற்றின் உடையவர்களிடமிருந்து பறிக்கவில்லை. விலை கொடுத்தே பெற்றார். அவ்வுடையவர்களும் பசித்த வயிற்றினர் என்பதையும், அக்குதிரை ஒன்றே அவர்களுடைய குடும்பத்தின் வருவாய் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். குதிரையின் துன்பத்தையும் அதனை ஓட்டுபவனின் துன்பத்தையும் பிரித்துப் பார்த்தல் இயலாது என்னும் இவ்வுணர்வே பின்னர் எழுந்த பணிகளுக்கெல்லாம் அடித்தளமாயிற்று. 1934 ஆம் ஆண்டில் போர்க்குதிரைகளின் நினைவாகக் கெய்ரோவில் அவர் நிறுவிய மருத்துவமனை, அந்நகரத்தின் உழைக்கும் குதிரை, கழுதை அனைத்திற்கும் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கத் தொடங்கியது. அம்மையார் 1955 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் புரூக் நிறுவனம் இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் பல நாடுகளில் பணி செய்கிறது.

இதே காலப்பகுதியில் வேறு சில அமைப்புகளும் தோன்றின. வட ஆப்பிரிக்காவில் பயணம் செய்த கேட் ஹொசாலி அம்மையாரும் அவர் மகள் நினாவும் அங்குள்ள விலங்குகளின் நிலை கண்டு 1923 ஆம் ஆண்டில் ஸ்பானா என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஃபெஸ் நகரில் 'அமெரிக்க ஃபுன்துக்' எனப்படும் இலவசக் கால்நடை மருத்துவமனை 1927 ஆம் ஆண்டில் எழுந்தது. லாமு தீவில் கழுதைகளுக்கெனத் தனி மருத்துவ நிலையம் 1987 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

முன்னோர் வகுத்த நெறி

இவ்வமைப்புகளைத் தொடங்கியோர் மேனாட்டவர். ஆதலின் விலங்குகளின்பால் காட்டும் பரிவு மேனாட்டிலிருந்து வந்த புதுமை எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. கெய்ரோ, ஃபெஸ், லாமு ஆகிய இந்நகரங்களின் சொந்த மரபிலேயே இந்நெறி ஆழ வேரூன்றியிருந்தது.

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமான அந்நஹ்ல், குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகிய மூன்றையும் ஒரே வசனத்தில் இறைவனின் அருட்கொடைகளாகச் சுட்டுகிறது. முகத்தில் சூடிடப்பட்ட கழுதை ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்செயலை வன்மையாகக் கண்டித்தார்கள் என்பதும், நிற்கும் விலங்கின் முதுகிலிருந்தவாறே நெடுநேரம் உரையாடுவதைத் தடுத்தார்கள் என்பதும் ஹதீஸ் நூல்கள் கூறும் செய்திகள்.

இவை அறவுரையாக மட்டும் நின்றுவிடவில்லை, சட்டமாகவும் வடிவெடுத்தன. கி.பி. 1058 ஆம் ஆண்டில் மறைந்த சட்ட அறிஞர் அல்மாவர்தீ, நகரச் சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்னும் அலுவலரின் கடமைகளை வகுத்துரைக்கையில், தாங்க இயலாத வேலையை விலங்குகளிடம் வாங்குவோரைத் தடுப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். கெய்ரோவில் நீதிபதியாக விளங்கி 1262 ஆம் ஆண்டில் அந்நகரிலேயே மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், மனிதன்மீது விலங்குகளுக்கு உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார். முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலையை எய்தினும் அவற்றிற்குத் தீனி அளித்துக் காத்தல் வேண்டும். ஆற்றலுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுதல் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். டோரதி புரூக் அம்மையார் முதிய குதிரைகளைத் தேடி நடந்த அதே நகரத்தில், அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே முதிய விலங்கின் உரிமை சட்டமொழியில் பேசப்பட்டிருந்தது. அந்நெறி நூலில் இருந்தது, தெருவில் மறக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே நம் கவலைக்குரியது.

துன்பம் பிறக்கும் இடங்கள்

உழைக்கும் விலங்குகளின் துன்பம் பெரும்பாலும் கொடிய உள்ளத்தால் விளைவதன்று. அறியாமையாலும் இல்லாமையாலும் விளைவதே மிகுதி. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது சேணப்புண். பொதியோ வண்டியின் ஏர்க்காலோ முதுகெலும்பின் மேல் நேராக அழுந்தும்போது, தோலுக்கும் எலும்புக்கும் இடையே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகிப் புண்ணாகிறது. நைலான் கயிறு, பிளாஸ்டிக் சாக்கு, பழைய டயர்ப் பட்டை ஆகியவற்றால் அமைந்த சேணம் வியர்வையை உறிஞ்சாது. மேலும் உராய்ந்து புண்ணை ஆழமாக்கும். இதற்குத் தீர்வு விலை மிகுந்ததன்று. முதுகெலும்பின் இருபுறமும் தடித்த பருத்தி அல்லது கம்பளி மெத்தைகளை வைத்து, நடுவே எலும்பைத் தொடாத இடைவெளி விட்டு, சுமை விலாப்புறங்களில் பரவுமாறு செய்தல் போதுமானது. இருசக்கர வண்டியாயின் சரக்கை முன்னும் பின்னும் சமன்செய்து ஏற்றினால் முதுகின்மேல் விழும் பாரம் குறையும்.

இரண்டாவது குளம்பும் காலும். ஆப்கானிஸ்தான், எகிப்து, இந்தியா, ஜோர்தான், பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் உழைக்கும் விலங்குகளை ஆராய்ந்து 2005 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவற்றின் கால்களிலும் நடையிலும் கோளாறு இருந்தது தெரியவந்தது. ஓயாது கடினத் தரையில் நடப்பதும், மிகை பாரமும், இளம் வயதிலேயே வேலையில் பூட்டுவதும் மூட்டுகளைச் சிதைக்கின்றன. குளம்பு, நகத்தைப் போல் இடையறாது வளர்வது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் சீவுதல் வேண்டும். முறையறியாத லாடக்காரர் குளம்பை லாடத்தின் அளவுக்கு வெட்டிவிடுவதுண்டு. லாடத்தைக் குளம்பின் அளவுக்கு அமைப்பதே முறை. கழுதையின் குளம்பு குதிரையினதைக் காட்டிலும் நிமிர்ந்தது. குதிரைக்குரிய கோணத்தில் அதனைச் சீவினால் கழுதை நொண்டியாகும்.

மூன்றாவது நீரும் நிழலும். வெயிலில் உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 லிட்டருக்கும் மிகுதியான நீர் தேவை. ஆனால் வேலை செய்து வெப்பமேறிய விலங்கிற்கு நீர் காட்டினால் வயிற்றுச் சூலை வரும் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் நிலவுகிறது. அது உண்மைக்குப் புறம்பானது. நீர் இன்மையே சூலைக்கு வழி வகுக்கும். மூக்குத்துளை விரிந்து, மூச்சு விரைந்து, தலை மேலும் கீழும் அசைந்து, நடை தள்ளாடுமாயின் அது வெப்பத் தாக்குதலின் அறிகுறி. உடனே சுமையை இறக்கி, நிழலில் நிறுத்தி, உடல் முழுதும் நீரூற்றிக் குளிர்வித்துக் குடிக்க நீரளித்தல் வேண்டும்.

நான்காவது தீனி. குதிரையினம் சிறிது சிறிதாக, அடிக்கடி நார்ப்பொருளை உண்டு வாழ அமைந்தது. அதன் இரைப்பை சிறியது. உண்டதை வாந்தியாக வெளியேற்றவும் அதனால் இயலாது. நாள் முழுதும் பட்டினியிட்டு இரவில் மொத்தமாகத் தவிட்டைக் கொட்டினால் சூலை உண்டாகும். நகரத்துக் குப்பைமேட்டில் மேயும் கழுதைகளின் குடலில் பிளாஸ்டிக் பைகள் அடைத்து அவை துடித்து மடிகின்றன. மெலிந்த கழுதையைவிடப் பருத்த கழுதைக்கு நேரும் ஆபத்தும் ஒன்றுண்டு. ஏதேனும் காரணத்தால் அது உணவை நிறுத்தினால் உடற்கொழுப்பு இரத்தத்தில் கலந்து, சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும். ஆதலின் தீனி உண்ணாத கழுதையைக் கண்டவுடன் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

ஐந்தாவது பிழைபட்ட மருத்துவம். மூச்சு வாங்கும் விலங்கிற்குக் காற்று நன்கு செல்லும் எனக் கருதி மூக்குத்துளையைக் கிழித்துவிடும் வழக்கம் தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் உண்டு. இதனால் மூச்சு எளிதாவதில்லை. புண்ணும் வலியுமே மிஞ்சும். நொண்டும் காலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதும், புண்ணின்மேல் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுவதும் இத்தகையனவே. காய்ச்சி ஆறிய உப்புநீரால் புண்ணைக் கழுவி, அதன்மேல் மீண்டும் சுமை உராயாமல் காப்பது இவற்றைவிடப் பன்மடங்கு நன்மை தரும். டெட்டனஸ் என்னும் இரண ஜன்னி குதிரையினத்தை எளிதில் தாக்கி மாய்க்க வல்லது. அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் அஃது ஏழையின் கொட்டில் வரை சென்று சேர்வது அரிதாக உள்ளது.

உடையவரின் வறுமை

இவற்றைப் படிக்கும்போது உடையவர்மீது சினம் எழுவது இயல்பே. எனினும் அவர் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செங்கற்சூளைகளை எடுத்துக்கொள்வோம். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் சூளைகளில் பச்சைக் கற்களைக் களத்திலிருந்து சூளை வரை கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சுமக்கின்றன. அங்கு எத்தனை கல் சுமந்தான் என்பதற்கே கூலி. எத்தனை நேரம் உழைத்தான் என்பதற்கன்று. முன்பணமாகப் பெற்ற கடன் தலைமேல் தொங்குகிறது. மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். இந்நிலையில் கழுதையின்மேல் பத்துக் கல் கூடுதலாக ஏற்றுபவன் தன் முதுகின்மேலும் தன் மக்களின் முதுகின்மேலும் அதே போன்று ஏற்றிக்கொண்டவனாகவே இருக்கிறான். அப்புழுதியையும் வெப்பத்தையும் மூவரும் ஒன்றாகவே மூச்சில் இழுக்கின்றனர். கூலிமுறை மாறாத வரையில் கழுதையின் சுமையை மட்டும் குறைத்தல் கடினம் என்பதை நாம் மறுக்க இயலாது.

2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எகிப்தில் மக்கள் கிளர்ச்சி எழுந்தபோது சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது. கீஸாவின் பிரமிடுகளைச் சுற்றிக் காட்டிப் பிழைத்த குதிரைக்காரர்களின் வருவாய் ஒரே நாளில் அற்றுப்போயிற்று. சில வாரங்களுக்குள் குதிரைகள் பட்டினியால் மடியத் தொடங்கின. அப்போது தொண்டு நிறுவனங்கள் அங்குத் தீனி வழங்கின. அக்குதிரைக்காரர்கள் அதற்கு முந்தைய மாதம் வரை அக்குதிரைகளைப் பேணியவர்களே. அவர்கள் இல்லத்தில் அடுப்பெரியாதபோது லாயத்தில் கொள்ளு இல்லாமற்போயிற்று.

இதனாலேயே, நோயுற்ற விலங்கிற்கு மருந்திடுவதோடு பணி முடிவதில்லை என்பதைத் தொண்டு நிறுவனங்கள் காலப்போக்கில் உணர்ந்தன. இன்று புண்ணை ஆற்றி அனுப்பினாலும், நாளை அதே சேணம் அதே இடத்தில் புண்ணை மீண்டும் உண்டாக்கும். ஆதலின் உள்ளூர் லாடக்காரருக்கும் சேணம் தைப்பவருக்கும் பயிற்சி அளித்தல், கால்நடை உதவியாளர்களுக்குக் கற்பித்தல், உடையவர்களைக் குழுக்களாக ஒன்றுசேர்த்து மாதந்தோறும் சிறுதொகை சேமிக்கச் செய்தல், அச்சேமிப்பால் தீனியை மொத்தமாக வாங்கச் செய்தல் ஆகியன இன்றைய முறைகளாயின. மருத்துவர் ஊரை விட்டுச் சென்ற பின்னும் நிலைப்பது ஊராரின் கையில் உள்ள அறிவே அன்றோ!

தோல் வணிகம் என்னும் புதிய இடர்

அண்மைக் காலத்தில் கழுதைகளின் வாழ்வுக்கே இறுதி கட்டும் இடர் ஒன்று எழுந்துள்ளது. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசைப்பொருளால் ஆகும் 'எஜியாவ்' என்னும் மருந்துப்பொருள் சீனாவில் பெரிதும் விற்பனையாகிறது. 1990களின் தொடக்கத்தில் ஒரு கோடிக்கு மேல் இருந்த சீனக் கழுதைகளின் தொகை 2020 ஆம் ஆண்டளவில் முப்பது லட்சத்திற்கும் கீழே சரிந்தது. அதன் விளைவாக வணிகர்களின் பார்வை ஆப்பிரிக்காவின்மேல் விழுந்தது.

கென்யாவில் 2016 முதல் 2018 வரை மூன்றே ஆண்டுகளில் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட கழுதைகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. இது பெருகும் தொகையைவிடப் பன்மடங்கு மிகுதி. கழுதைத் திருட்டும் பெருகியது. கழுதையை இழந்த இல்லத்தில் நீர்க்குடமும் விறகுக்கட்டும் யாருடைய தலைக்கு மாறின? பெண்களின் தலைக்கும், பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுமியரின் தலைக்குமே மாறின. 2020 ஆம் ஆண்டில் கென்ய அரசு இக்கொலைக்களங்களைத் தடைசெய்தது. 2021 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பின்னர் 2024 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உச்சிமாநாடு, தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைக் கண்டம் முழுவதும் பதினைந்து ஆண்டுகளுக்குத் தடைசெய்ய முடிவெடுத்தது. ஏழையின் கழுதையைக் காக்க ஒரு கண்டத்தின் தலைவர்கள் ஒருமித்து நின்றது வரலாற்றில் குறிக்கத்தக்கதாகும். அம்முடிவை ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் நிறைவேற்றுவதில்தான் அதன் பயன் அடங்கியுள்ளது.

சட்டங்களும் அளவைகளும்

விலங்குநலத்தை அளந்தறிய ஐவகை விடுதலைகள் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. பசி தாகத்தினின்று விடுதலை, உடல் வசதியின்மையினின்று விடுதலை, வலி காயம் நோய் ஆகியவற்றினின்று விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலை, அச்சம் துயரத்தினின்று விடுதலை என்பன அவை. பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக விலங்குநல அமைப்பு, உழைக்கும் குதிரையினத்தின் நலனுக்கெனத் தனி இயல் ஒன்றை 2016 ஆம் ஆண்டில் தன் விதித்தொகுப்பில் சேர்த்தது. பண்ணை விலங்குகளுக்கும் ஆய்வு விலங்குகளுக்கும் முன்னரே கிடைத்த இடம் உழைக்கும் விலங்குகளுக்குக் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

நம் நாட்டில் 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965 ஆம் ஆண்டில் இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி கழுதை 50 கிலோவும், மட்டக்குதிரை 70 கிலோவும், கோவேறு கழுதை 200 கிலோவும் மட்டுமே பொதியாகச் சுமக்கலாம். வண்டி இழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையில் பூட்டுதல் கூடாது. முள் பொருத்திய கோலும் கடிவாளமும் விலக்கப்பட்டன. விதிகள் செவ்வையானவையே. ஆயினும் 1960 ஆம் ஆண்டின் சட்டம் முதற் குற்றத்திற்கு விதித்த தண்டம் 50 ரூபாய்க்கு மேற்படாதது. சுமையேற்றுவோரும் சுமையேற்றச் செய்வோரும் இவ்விதிகளை அறிந்ததில்லை. அறிந்தோர் தெருவில் நின்று கேட்டதும் இல்லை.

நம் நாட்டில் கழுதைகளின் தொகையும் விரைந்து குறைந்து வருகிறது. 2012 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 3.2 லட்சமாக இருந்தது, 2019 ஆம் ஆண்டில் 1.2 லட்சமாகச் சுருங்கியது. சலவைத் தொழிலாளரின் அழுக்குமூட்டையையும் உப்பளத்து மூட்டையையும் சுமந்த அவ்விலங்கைத் தமிழகத்துத் தெருக்களில் இன்று காண்பது அரிதாகிவிட்டது. எனினும் சாலை எட்டாத மலையூர்களுக்குச் சரக்கு கொண்டு செல்லவும், கடற்கரைகளிலும் மலை வாழிடங்களிலும் பயணிகளை ஏற்றிச் செல்லவும் குதிரையும் கழுதையும் இன்றும் உழைக்கின்றன. மணமகனைச் சுமந்து, வாணவெடிக்கும் மேளத்திற்கும் நடுவே அஞ்சி நடுங்கி நிற்கும் குதிரையும் அவ்வுழைப்பாளிகளுள் ஒன்றே.

நாம் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றை நோக்குங்கால், மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் செய்யத்தக்க பணிகள் சில உள்ளன.

1. உழைக்கும் விலங்கை வாடகைக்கு அமர்த்துவோர் குறைந்த கூலிக்கு மிகுந்த சுமை எனப் பேரம் பேசாதிருத்தல் வேண்டும். சுமையைக் கூட்டுவது பெரும்பாலும் நம் பேரமே.

2. புண்ணுற்ற, நொண்டும் விலங்கின்மீது சவாரி செய்ய மறுத்து, உடையவரிடம் இன்சொல்லால் காரணத்தை எடுத்துரைத்தல் வேண்டும். ஆரோக்கியமான விலங்கிற்கே வாடிக்கையாளர் மிகுதி என அவர் அறிந்தால் அவரே அதனைப் பேணுவார்.

3. பள்ளிவாசல்களின் வாயிலிலும் கடைவீதியிலும் மனிதருக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்போர், அதனருகே விலங்குகளுக்கும் ஒரு தொட்டி வைத்தல் எளிது. நம் ஊர்ச் சாலையோரங்களில் பழங்காலத்தில் கட்டப்பட்ட கல்தொட்டிகள் இந்நோக்கில் எழுந்தவையே.

4. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் அரசுக் கால்நடை மருத்துவரின் துணையுடன் ஒரு நாளை விலங்குகளுக்கென ஒதுக்கலாம். இரண ஜன்னித் தடுப்பூசியும் குளம்பு சீவுதலும் அன்று நடைபெறலாம்.

5. திருமண ஊர்வலங்களில் குதிரையை அமர்த்துவோர் அதன் அருகே வெடி வெடிப்பதைத் தவிர்க்கலாம்.

6. அழிந்து வரும் லாடத் தொழிலையும் சேணத் தொழிலையும் அறிந்த முதியோரிடமிருந்து, அத்தொழில்களுக்குரிய தமிழ்ச் சொற்களையும் நுட்பங்களையும் தமிழ்த்துறை மாணவர்கள் தொகுக்கலாம். சொல் அழிந்தால் அச்சொல்லுக்குரிய அக்கறையும் அழிகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், உழைக்கும் குதிரை, கழுதை ஆகியவற்றின் நலன் என்பது செல்வர்களின் பொழுதுபோக்கான இரக்கம் அன்று. வறியோரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்த ஒரு பொருளாதாரச் சிக்கல் என்பது தெளிவாகும். விலங்கு நொண்டினால் குடும்பம் நொண்டுகிறது. கழுதை தொலைந்தால் சிறுமி பள்ளியை விட்டு நிற்கிறாள். அவ்வாறே உடையவனின் கூலி உயர்ந்தால் விலங்கின் தீனியும் உயர்கிறது. கெய்ரோவின் மருத்துவமனையும் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தடையும் இவ்வுண்மையை உணர்ந்தோரால் விளைந்தவை.

எனினும், எத்தனை பொருளாதாரக் காரணம் கூறினும், இறுதியில் எஞ்சி நிற்பது ஒரு முறையீடு. தன் குறையைச் சொல்ல நாவில்லாத உயிர், தன் முதுகின் புண்ணையே மனுவாக ஏந்தி நம் தெருவில் நடக்கிறது. அதனைப் படிக்கக் கற்றவர்களாக நம் மாணவர் சமுதாயம் விளங்குதல் வேண்டும் என்பதே நம் விழைவு.